எனக்கு முன்னால் வந்தவர்கள்

போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு வேலூரில் ஸ்கூட்டியைக் கிளப்பி, கண்ணமங்கலம் தாண்டும்போது கிழக்கே லேசாக வெளுத்து, போளூரில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு, ஜவ்வாது மலை தெரிகிற பக்கமாகத் திரும்பி, கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் ரோட்டில் முதுகு நோகக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், அங்கே எனக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்த எரிச்சலை மறைக்கப்போவதில்லை. வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அதிலும் வீட்டு வேலை போக மாதத்துக்கு ஒரு முறைதான் இவ்வளவு தூரம் வர முடிகிறது. நான் பார்க்க வருவது ஒரு கல்வட்டம், பழங்காலக் கல்லறை ஒன்றைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள். அதன் மேற்குப் பக்கத்தில் முதுகுக்கு வாகாகச் சரிந்த கல் ஒன்று உண்டு. நான் எப்போதும் சாய்ந்து உட்காரும் கல். அதில்தான் அவர் சாய்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். கையில் செல்போன் இல்லை. சும்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு ஒரு புங்க மரத்தடியில் நின்றேன். வேறு என்ன செய்வது?

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். காரணம் பின்னால் வரும்.

எனக்கு இந்தக் கற்களைக் காட்டியது என் நைனா. நிலஅளவைத் துறையில் செயின்மேனாக இருந்தார். சர்வேயர் படம் போடுவார், நைனா சங்கிலி பிடிப்பார். 66 அடி நீளம், 100 கண்ணி. ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் அவர் முன்னால் நடக்க, சங்கிலி பின்னாலேயே 'சலசல'வென்று மண்ணைக் கீறிக்கொண்டு வரும். பள்ளிக்கூட லீவு நாட்களில் என்னையும் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போவார். எனக்கு எட்டு ஒன்பது வயது.

ஒருநாள் ஒரு கரம்பில் அளந்துகொண்டிருந்தார்கள். ஊர் நிலங்களின் விவரம் எழுதும் அ-பதிவேட்டில் அந்த நிலத்துக்கு 'கல்லாங்குத்து' என்று பெயர். உழவுக்கு ஆகாது, வரியும் கிடையாது, தீர்வை ஏற்படாத தரிசு. கோடு நேராக ஒரு கல்வட்டத்தின் நடுவே போனது. நைனா நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பின்னால் இழுபட்ட சங்கிலியை மடித்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வட்டத்துக்குள் வெறுங்காலோடு நடந்து, அந்தப் பக்கம் போன பிறகுதான் மறுபடி கீழே விட்டார். சர்வேயருக்குப் பொறுமை போய்விட்டது, ஏதோ கத்தினார். நைனா காதில் வாங்கவில்லை.

"ஏன் நைனா தூக்கினு போனே?"

"தூங்கறவங்க மேல இரும்ப இழுத்துகினு போவாங்களா?"

அந்த ஊரில் அதைப் பாண்டவர் குழி என்றார்கள். இன்னொரு ஊரில் வாலியர் வீடு. மலை மேலே போனால் குள்ளர் வீடு. மூன்று சாண் உயரத்தில் மனுசர்கள் இருந்தார்களாம், நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று தெரிந்து கல்லால் வீடு கட்டி ஒளிந்துகொண்டார்களாம். எல்லாம் சின்னச் சின்ன அறைகள், அதனால் சின்ன மனுசர்கள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. கல்லறை என்று தெரியாதவரை.

நான் எப்போதும் போகும் வட்டத்தில் இருபத்து மூன்று கற்கள். ஆளுயரக் கல் ஒன்றுகூடக் கிடையாது. பெரிதாக இருப்பது என் இடுப்பளவு, சிறியது ஒரு அரிசி மூட்டையளவு. செதுக்காத குண்டுக் கற்கள். குறுக்கே நடந்தால் என் காலுக்குப் பன்னிரண்டு எட்டு. நடுவில் கருங்கல் சில்லும் சரளையும் குவிந்து, ஒரு தட்டைக் கவிழ்த்த மாதிரி மேடாக இருக்கும். அந்தக் குவியலுக்கு அடியில் நான்கு பலகைக் கற்களை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்திய பெட்டி. கற்பதுக்கை என்கிறோம். மேலே ஒரு மூடுகல். பல பதுக்கைகளில் ஒரு பக்கப் பலகையில், பெரும்பாலும் கிழக்கே, வட்டமாக ஒரு துளை போட்டிருப்பார்கள். இடுதுளை. அது உயிர் போய்வரும் வழி என்று சிலர் சொல்கிறார்கள், அடுத்தடுத்து இறந்தவர்களின் எலும்பை உள்ளே வைக்கும் வாசல் என்று சிலர். எனக்கு இரண்டாவதுதான் மனசுக்கு ஒத்துவருகிறது. குடும்பத்தில் ஒருவர் போன பிறகு கதவைப் பூசி மூடிவிட யாருக்குத்தான் மனசு வரும்?

உள்ளே என்ன வைத்தார்கள் என்பது தோண்டிய இடங்களிலிருந்து தெரியும். எலும்புகள். பல இடங்களில் முழு உடல் கிடையாது, வேறெங்கோ கிடந்து காய்ந்த பிறகு பொறுக்கி வந்து வைத்தவை. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக வழவழவென்ற கலயங்கள். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கறுத்துவிடும் என்று விளக்குகிறார்கள். பாசிமணி. அப்புறம் இரும்பு. கத்தி, ஈட்டி முனை, அம்பு முனை, கோடரி. நைனா தூங்குகிறவர்கள் மேல் இரும்பை இழுக்கக்கூடாது என்றார். அவர்களோ இரும்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது நைனா இல்லை. இருந்தால் சிரித்திருப்பார்.

இறந்தவர்களை என்ன செய்தார்கள் என்று மணிமேகலை ஐந்து வகை சொல்கிறது. சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியில் கவிப்போர். எரிப்பது, அப்படியே போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, பள்ளமான இடத்தில் அடைத்து வைப்பது, தாழியால் மூடுவது. ஒரே சுடுகாட்டில் ஐந்து பழக்கமும். யாரும் யாரையும் 'உன் முறை தப்பு' என்று விரட்டியதாக அங்கே இல்லை.

எங்கள் பக்கம் இந்த மாதிரிப் பழைய இடங்களுக்குப் பஞ்சமே கிடையாது. திருப்பத்தூர் பக்கத்தில் பையம்பள்ளி. 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. கீழே புதிய கற்கால வாழ்க்கை, மேலே இரும்புக் காலம். கொள்ளும் பச்சைப்பயறும் கருகிய மணிகளாகக் கிடைத்தன. இன்றும் அதே மண்ணில் கொள்ளு விதைக்கிறார்கள், ரசமும் வைக்கிறார்கள். அங்கிருந்து எல்லை தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். செங்கம் பக்கம் மோட்டூர். அங்கே கல்வட்டத்துக்குள் அகன்ற தோளோடு மனித உருவம்போல வெட்டிய பெரிய பலகைக்கல் நிற்கிறது. முதல்முறை பார்த்தபோது என்னைப் பார்த்து யாரோ கையை விரித்த மாதிரி ஒரு திடுக்கிடல். அன்றைக்கு அங்கே ஒரு குடும்பம் வந்திருந்தது. பையன்கள் ஒவ்வொருவராக அந்தக் கல்லின் முன்னால் போய் அதே மாதிரி தோளை விரித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இருபது நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் அவர்களின் பாட்டி போய் நின்றார். அதே மாதிரி தோளை விரித்தார். நான்தான் அந்தப் போட்டோவை எடுத்துக் கொடுத்தேன்.

(வேலூர்க்காரி செங்கத்தைச் சொந்தம் கொண்டாடுகிறாளே என்று கேட்கலாம். 1989 வரை இது எல்லாமே வடாற்காடு. 2019-ல் வேலூரே மூன்றாகிவிட்டது. நான் பிறந்த மாவட்டத்தைப் பிறப்புச் சான்றிதழில் மட்டும்தான் பார்க்க முடிகிறது. கல்லுக்கு அந்தக் கவலை இல்லை.)

ஏன் போகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். மாமியார் நேராகவே கேட்டார்: "கோயில் குளம்னு போனாலும் ஒரு அர்த்தம் கீது. சுடுகாட்டுக்கு எதுக்கும்மா?" எனக்கு வேலூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை. ரத்தம் எடுத்த குழாய்களில் லேபிள் ஒட்டுவது. பெயர், வயது, ஆணா பெண்ணா, நம்பர். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் நோயாளிகள் வருகிற ஊர் இது. ஒரு எழுத்து தப்பினால் ஒருவருடைய ரத்தம் இன்னொருவருடையதாகிவிடும். நாள் முழுக்கப் பெயர், பெயர், பெயர். அந்த வட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. அங்கே போய் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் காதுக்குள் நம்பர் ஓடும், அப்புறம் நின்றுவிடும். மாமியாரிடம் இதைச் சொல்லவில்லை. "காத்து நல்லா வருது அத்தை" என்றேன்.

ஆரம்பத்தில் நான் அங்கே ஒரு காவல்காரி மாதிரிதான் நடந்துகொண்டேன். இரண்டு மூன்று புத்தகம் படித்துவிட்ட திமிர். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் வட்டத்துக் கல் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். நான் வேகமாகப் போய், "ஆயா, அது மேல உக்காராதீங்க. அது கல்லறை. மூவாயிரம் வருசம் ஆச்சு" என்றேன்.

ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை.

"எனக்குத் தெரியாதாம்மா? நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து இங்கதான் சோறு துன்றேன். உள்ள கீறவங்க ஒருநாளும் எழுந்திருன்னு சொல்லல. நீ இப்பதான் வந்தே."

சொல்லிவிட்டு, கூழில் ஒரு கை அள்ளிப் பக்கத்துக் கல்லின் பள்ளத்தில் வைத்தார். அந்தப் பள்ளம் கறுத்து வழவழப்பாக இருந்தது. எத்தனை வருடமாக அங்கே கூழ் வைக்கிறாரோ. அவருக்கு முன்னால் அவர் மாமியார் வைத்திருக்கலாம். நான் அதை மழைநீர் தேங்கித் தேங்கி ஆன குழி என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. "வா, நீயும் உக்காரு. வெங்காயம் கீது" என்றார். உட்கார்ந்தேன். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். அன்றைக்குத்தான் முதல்முறை அந்தக் கற்களில் ஒன்றில் சாய்ந்தேன். அதுவரை ஒரு அடி தள்ளி நின்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டுதான் இருந்தேன், மியூசியத்தில் கயிறு கட்டினாற்போல.

அதற்குப் பிறகு ஆட்களைப் பார்க்கும் விதம் மாறியது. இங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது என் காரணத்தைவிட மட்டமாக இருக்கவேண்டும் என்று ஒன்றுமில்லை. ஒரு சாயங்காலம் நான்கு பேர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். தனியாக ஒரு பெண், இருட்டப்போகிற நேரம். நான் திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் அதில் ஒருவன் எழுந்து, "அக்கா, கல்லு பாக்க வந்தீங்களா? நாங்க அந்தாண்ட போறோம்" என்று மற்ற மூவரையும் கிளப்பினான். காலி பாட்டிலைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். குடிக்கிறவர்கள் எல்லாரும் அப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்லவரவில்லை. கண்ணாடிச் சில்லு என் காலில் குத்தியிருக்கிறது. அந்த நால்வரைச் சொல்கிறேன்.

காதலிப்பவர்கள் வருவார்கள். எங்கள் ஊர்களில் ஒரு பையனும் பெண்ணும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேறு இடம் எங்கே இருக்கிறது? பஸ் ஸ்டாண்டிலா, கோட்டை அகழிக்கரையிலா? அங்கே எல்லாம் யாராவது சித்தப்பா முறை ஆள் வந்துவிடுவார். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிய பெண்ணும் பைக்கும் தெரிந்தால் நான் ஏரிக்கரைப் பக்கமாகப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரிடமும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வட்டத்திலாவது அது வேண்டாம்.

ட்ரோன் மட்டும் எனக்குப் பிடிக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். தேனீக்கூட்டைத் தலைமேல் கட்டிவிட்ட மாதிரி அரை மணி நேரம். ஆடுகள் சிதறி ஓடுகின்றன. அதைப் பறக்கவிட்ட பையன்கள் நல்ல பையன்கள்தான், மேலேயிருந்து எடுத்த படத்தை எனக்குக் காட்டினார்கள். தரையில் நின்று எனக்குத் தெரியாத இன்னொரு வட்டம், பாதி அழிந்தது, பக்கத்து நிலத்தில் தெரிந்தது. சரி, அதற்காகக் கொஞ்சம் மன்னித்தேன். ஆனால் போகும்போது ஒருவன், "லொக்கேஷன் போட்டு விட்டுர்றோம் அக்கா, நெறைய பேர் வருவாங்க" என்றான். அங்கேதான் நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

காரணம் இதுதான். அதற்கு முந்தின வருடம், வட்டத்தின் நடுக்குவியலை யாரோ தோண்டியிருந்தார்கள். இடுப்பளவுக் குழி. மூடுகல் இரண்டாகப் பிளந்து சாய்ந்து கிடந்தது. விளிம்பில் காய்ந்த எலுமிச்சம்பழம், குங்குமம், உடைத்த தேங்காய். பூசை போட்டுவிட்டுத்தான் திருடியிருக்கிறார்கள், எவ்வளவு பக்தி! புதையல் இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குழியைச் சுற்றிலும் கறுப்புச் சிவப்பு ஓடுகள் இறைந்து கிடந்தன. உள்ளங்கையளவு ஓடு ஒன்றில் விளிம்பு இருந்தது, யாரோ வாய் வைத்துக் குடித்த விளிம்பு. கூடவே துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகக் கட்டிப்போன இரும்புத் துண்டு. அதை உதறிவிட்டுப் போயிருந்தார்கள். இந்தக் குழிகளில் தங்கம் தேடுகிறவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

1878-லிருந்தே புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்னும் அப்படியே. நான் ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "எழுதிக் குடுங்க மேடம்" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் அந்தக் கதை. அந்த ஆயா மட்டும் ஆடு மேய்க்க வரும்போதெல்லாம் கூடையில் கொஞ்சம் மண் கொண்டுவந்து குழியில் கொட்டினார். நானும் வரும்போது இரண்டு கூடை கொட்டுவேன். ஓடுகளை எடுத்துக்கொள்ளாமல் உள்ளேயே போட்டுத்தான் மூடினோம். அந்த விளிம்பு ஓட்டைப் பையில் போட்டுக்கொள்ள எனக்கு ஆசை வந்தது உண்மை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போட்டேன்.

சித்தூர்ப் பக்கம் இரளபண்டா என்ற இடத்தில் இதைவிடப் பெரிய கல்லறைக் கூட்டம் ஒன்று இருந்தது. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை அதுவும் வடாற்காடுதான். நியூபோல்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 170 வருடங்களுக்கு முன்பே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கேயும் மக்கள் பாண்டவர் பெயரைத்தான் சொன்னார்கள். அப்புறம் பலகைக் கற்களை உடைத்து உடைத்துக் கொண்டுபோய்விட்டார்கள், மிச்சம் கொஞ்சம்தான். எங்கள் வட்டத்திலும் இருபத்து மூன்றாவது கல் ஒருமுறை காணாமல் போய், பக்கத்து பம்புசெட் வாசலில் படியாகக் கிடந்தது. நிலத்துக்காரரிடம் ஆயா பேசினார். நான் பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும். அடுத்த மாதம் கல் திரும்பி வந்திருந்தது, பழைய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி.

ஆயா போய் இரண்டு வருடமாகிறது. கூழ் வைத்த பள்ளத்தில் இப்போது மழைத்தண்ணீர்தான் நிற்கிறது, என் நோட்டில் எழுதியிருந்தபடியே.

அந்த செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அந்த மனிதர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முதல் கால் மணி நேரம் எரிச்சலோடு நின்றேன். அப்புறம் நானும் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அவர் எழுந்து துண்டை உதறித் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார். தலையில் மொட்டை அடித்து முடி அரிசி நீளம் முளைத்திருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களாம்மா? ஒரு கொரல் குடுத்திருக்கலாமே."

"பரவாயில்லண்ணா. இப்பதான் வந்தேன்."

திருப்பதிக்கும் மொட்டை போடுவார்கள். வீட்டில் யாராவது செத்தாலும் போடுவார்கள். நான் கேட்கவில்லை. அவரும் நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை புங்க மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

கல் இன்னும் அவர் முதுகுச் சூட்டோடு இருந்தது. உட்கார்ந்தேன். நம்பர்கள் ஓடி நின்றன. வெயில் கிழக்குப் பக்கத்துக் கற்களின் நிழலை நடுமேடுவரை நீட்டி, மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்டது, தூரத்திலேயே நின்றுவிட்டது. சரி, யாரோ வயலுக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன்.

எழுந்து திரும்பினால் புங்க மரத்தடியில் ஒரு பையன். கல்லூரி வயசு. தோளில் பை, கையில் ஹெல்மெட். வண்டியைச் சாய்க்காமல் அதன்மேலேயே உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனதும் இறங்கி நின்றான்.

"முடிச்சிட்டீங்களாக்கா?"

"ஆச்சுப்பா. மேக்கால சாஞ்ச கல்லு ஒண்ணு கீது பாரு, அதுல உக்காரு. முதுகுக்கு நல்லா இருக்கும்."